‘வாஸ்குலர் பேட்டர்ன் லாஸ்ட்’ என்றால் ரத்தக் குழாய் அழிந்துவிட்டதா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிப் போட்டுவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். உங்கள் தம்பிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் நாள்பட்ட அழற்சி. கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டில் ‘வாஸ்குலர் பேட்டர்ன் லாஸ்ட்’ என்று எழுதியிருக்கிறார்கள். குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அழிந்துவிட்டனவா என்பது உங்கள் முதல் கேள்வி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது மலத்தில் ரத்தம் போய்க்கொண்டே இருந்தது, அப்படியிருந்தும் ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் தினமும் ஊசி போட்டார்களே, அது தப்பில்லையா என்பது இரண்டாவது கேள்வி.

நான் நோய்க்குறியியல் துறைக்காரன். எண்டோஸ்கோப் பிடிப்பவன் இல்லை, அவர்கள் கிள்ளி அனுப்பும் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவன். எனவே உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல முடியும். எந்த மருந்து, எவ்வளவு என்பதைத் தம்பியைப் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள்.

குழாய்கள் எங்கும் போய்விடவில்லை, கண்ணுக்கு மறைந்திருக்கின்றன. எண்ணிப் பார்த்தால் முன்பு இருந்ததைவிட அதிகமாகக்கூட இருக்கும். ஊசி போட்டதும் சரிதான். இந்த இரண்டு பதிலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளம்.

ஒரு வெற்றிலையை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நடுநரம்பு, அதிலிருந்து பிரியும் கிளைகள், கிளையிலிருந்து இன்னும் மெல்லிய கோடுகள். நல்ல பெருங்குடலின் உள்பக்கத்தை எண்டோஸ்கோப்பில் பார்த்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வெளிர் இளஞ்சிவப்புப் பரப்பில் சிவப்புக் கோடுகள் கிளை பிரிந்து ஓடும். டாக்டர்கள் வாஸ்குலர் பேட்டர்ன் என்று சொல்வது இந்தக் கோலத்தைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கோடுகளில் பெரியவை குடலின் மேற்பரப்பில் இல்லை. மேலே இருக்கும் சளிச்சவ்வு மெல்லியது, ஒளி ஊடுருவக்கூடியது. அதற்கு அடியில் ஓடும் குழாய்கள் அதன் வழியாகத் தெரிகின்றன. ஆகவே கோலம் தெரிகிறதா இல்லையா என்று பார்ப்பது, பாதி அளவில், மேலே போர்த்தியிருக்கும் சவ்வு தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான். சவ்வு வீங்கி, நீர் கோத்து, வெள்ளையணுக்கள் குவிந்து தடித்துவிட்டால் அடியில் இருப்பது தெரியாது. மார்கழிக் காலையில் பஸ் கண்ணாடியில் மூடியிருக்கும் ஈரத்தில் வெளியே ரோடு தெரியாததுபோல. ரோடு அங்கேயேதான் இருக்கும்.

சில ரிப்போர்ட்டுகளில் ‘லாஸ்ட்’ என்பதற்குப் பதில் ‘ஆப்லிட்டரேட்டட்’ என்று இருக்கும். அகராதியில் பார்த்தால் ‘துடைத்தழிக்கப்பட்டது’ என்று வரும், படித்தவருக்குத் தூக்கம் போய்விடும். 2012-ல் வெளிவந்த யூசிஈஐஎஸ் என்ற மதிப்பெண் முறையில் இருக்கும் சொல் அது. அந்த முறையில் மூன்றே விஷயங்களைப் பார்க்கிறார்கள். ரத்தக் குழாய்க் கோலத்துக்கு 0 முதல் 2 வரை, ரத்தக் கசிவுக்கு 0 முதல் 3 வரை, புண்ணுக்கு 0 முதல் 3 வரை. மொத்தம் 8. இன்னும் பரவலாகப் புழங்கும் மேயோ மதிப்பெண்ணில் கோலம் மங்கியிருந்தால் 1, அடியோடு தெரியாவிட்டால் 2, புண்ணும் தானாக வரும் ரத்தக் கசிவும் இருந்தால் 3. கோலம் மங்குவது இந்த நோயின் மிக முந்திய அடையாளங்களில் ஒன்று. புண் வருவதற்கு முன்பே அது வந்துவிடும். அதனால்தான் அதற்குத் தனி மதிப்பெண்.

இனி மைக்ராஸ்கோப்புக்கு வருகிறேன்.

பெருங்குடலின் உள்சவ்வில் சோதனைக் குழாய்களை நெருக்கமாக அடுக்கியதுபோலச் சுரப்பிக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியையும் சுற்றி தந்துகிகள், அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள், கீழிருந்து மேலே ஏறி, பரப்புக்குச் சற்றுக் கீழே ஒன்றோடொன்று சேர்ந்து தேனடை மாதிரி வலையாகும். ஒவ்வொரு அறையின் நடுவிலும் ஒரு குழியின் வாய். பயாப்சித் துண்டில் வழக்கமான சாயம் போட்டுப் பார்க்கும்போது இந்தத் தந்துகிகளைக் கண்டுபிடிப்பது சிரமம். உள்ளே ஓரிரு சிவப்பணு சிக்கியிருந்தால் தெரியும், இல்லாவிட்டால் நழுவிவிடும். குழாய்களின் உட்சுவர் செல்களைப் பழுப்பாக்கிக் காட்டும் சிடி31 அல்லது சிடி34 சாயம் போட்டால் முழு வலையும் எழுந்து நிற்கும். (இன்னொன்று: துண்டில் சிதறிக் கிடக்கும் ரத்தம் பல நேரம் நோயால் வந்ததே இல்லை. இடுக்கி கிள்ளியபோது வந்தது. ரிப்போர்ட்டில் ‘ஹெமரேஜ்’ (ரத்தக் கசிவு) என்ற சொல்லைப் பார்த்ததும் பதறுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.)

இந்த வலை எதற்கு இவ்வளவு நெருக்கம்? குடலின் உள்வெளியில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆக்சிஜன் இல்லாமல் வாழ்பவை. அந்த வெளியை ஒட்டி நிற்கும் குடல் செல்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் பின்பக்கத்துத் தந்துகியிலிருந்து மட்டுமே வர வேண்டும். அதனால் நோய் இல்லாத குடலிலேயே மேல் அடுக்குச் செல்கள் ஆக்சிஜன் பற்றாக்குறையில்தான் வாழ்கின்றன, அதற்குப் பழகியும் இருக்கின்றன. அன்றாடக் கூலியில் ஓடும் வீடு மாதிரி. வரவும் செலவும் சரியாக இருக்கும் வரை பிரச்சினை இல்லை. ஒரு நாள் காய்ச்சல் வந்தால் போதும். செல்கள் ஆக்சிஜன் குறைவை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்காக கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கண்டுபிடித்த எச்ஐஎஃப் என்ற புரதம் குடல் செல்களில் எப்போதும் ஓரளவு விழித்தே இருக்கிறது.

இப்போது அழற்சி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில மணி நேரங்களில் நடப்பது கையில் முள் குத்திய இடத்தில் நடப்பதுதான். குழாய்கள் விரிகின்றன, ரத்தம் கூடுகிறது, பரப்பு சிவக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு, ஹிஸ்டமின், புரோஸ்டாகிளாண்டின் என்று பல ரசாயனங்கள் சேர்ந்து இதைச் செய்கின்றன. அப்புறம் உட்சுவர் செல்கள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியைத் தளர்த்துகின்றன. இடைவெளி வழியாக நீரும் புரதமும் வெளியே கசிந்து சவ்வு ஊதுகிறது. கோலம் மறைவது இங்கேதான். ரத்தம் நிரம்பிப் புடைத்த தந்துகிகள் பரப்புக்கு மிக அருகில் இருப்பதால் கருவி லேசாக உரசினாலே ரத்தம் துளிர்க்கும். ரிப்போர்ட்டில் ‘ஃப்ரையபிள்’ என்று எழுதுவது அதை. தம்பிக்கு மலத்தில் வந்த ரத்தமும் பெரிய குழாய் வெடித்து வந்தது இல்லை. மேல் அடுக்கு உரிந்து, ஆயிரக்கணக்கான தந்துகிகள் வாய் திறந்து கசிந்தது.

மூன்றாவதாக நடப்பதுதான் இந்த நோயில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நோயைப் பிடிக்கும் என்று சொல்வது விபரீதம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். குழாயின் உட்சுவர் வழுவழுப்பானது, ரத்த அணுக்கள் ஒட்டாமல் ஓட வேண்டும் என்பதற்காக. அழற்சிச் செய்தி கிடைத்ததும் அந்தச் சுவர் தன் முகத்தில் ஒட்டுப் புரதங்களை நீட்டுகிறது. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளையணு முதலில் அவற்றில் தட்டுத் தடுமாறி உருள்கிறது, பிறகு வேகம் குறைந்து நிற்கிறது, பிறகு இரண்டு செல்களுக்கு நடுவே தன்னை நசுக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறது. எந்தத் தெருவில் எந்த அணு இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது குழாய்ச் சுவர். அந்த வகையில் இந்த நோயில் ரத்தக் குழாய் சும்மா வேடிக்கை பார்க்கும் பைப் கிடையாது. யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் வாசல்காரன்.

குடலுக்கென்றே ஓர் ஒட்டுப் புரதம் உண்டு, மேட்கேம்-1 என்று பெயர். குடலின் சிறு சிரைகளில் அது எப்போதும் கொஞ்சம் இருக்கும், அழற்சியில் ஏராளமாகும். அதைப் பிடித்துக்கொள்ள சில வெள்ளையணுக்களின் உடம்பில் ஆல்ஃபா4-பீட்டா7 என்ற கைப்பிடி இருக்கிறது. பூட்டும் சாவியும் தெரிந்துவிட்டது, சாவித் துவாரத்தை அடைத்தால் என்ன?

முதலில் வந்தது நாட்டலிசுமாப். அது ஆல்ஃபா4 பகுதியை அடைத்தது. ஆனால் அந்த ஆல்ஃபா4 குடலுக்குப் போகும் அணுக்களுக்கு மட்டும் சொந்தமில்லை, மூளைக்குப் போகும் அணுக்களும் அதையே பயன்படுத்துகின்றன. 2004 நவம்பரில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2005 பிப்ரவரியிலேயே திரும்பப் பெற்றார்கள். காவல் குறைந்த மூளையில், பலரது உடலில் சும்மா தூங்கிக் கிடக்கும் ஜேசி வைரஸ் எழுந்து சிலருக்கு உயிரைக் குடிக்கும் தொற்றாக மாறியிருந்தது. அவர்களில் ஒருவர் கிரோன் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய்க்கான ஆய்வில் இந்த மருந்தைப் பெற்றவர். கடும் கட்டுப்பாடுகளோடு 2006-ல் மருந்து திரும்பி வந்தாலும், குடல் மருத்துவர்களுக்கு அந்தப் பயம் போகவில்லை.

அடுத்து வந்த வெடோலிசுமாப் ஆல்ஃபா4-பீட்டா7 ஜோடியை மட்டும் அடைக்கிறது, அதாவது குடல் தெருவுக்கான சாவியை மட்டும். 2014-ல் அனுமதி. 2019-ல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளில் 52 வாரம் கழித்து நோய் அடங்கியிருந்தவர்கள் வெடோலிசுமாப் பெற்றவர்களில் 31.3 சதவீதம், அடலிமுமாப் என்ற வேறு வகை மருந்தைப் பெற்றவர்களில் 22.5 சதவீதம். இரண்டு எண்ணுமே பிரமாதம் இல்லை என்பதையும் பாருங்கள். வாசலை மூடினால் ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவர்கள் உடனே போய்விட மாட்டார்கள். அதனாலேயே இந்த மருந்து வேலை செய்யத் தொடங்க வாரக்கணக்கில் ஆகிறது.

சரி, குழாய்கள் அதிகமாகின்றன என்று சொன்னேனே, அதற்கு வருவோம்.

1983-ல் பாஸ்டனில் ஹெரால்டு டுவோராக்கின் குழு, ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும் ஒரு புரதத்தைக் கண்டறிந்து அந்த வேலையையே பெயராக வைத்தது: ‘குழாய் ஊடுருவல் காரணி’. 1989-ல் நெப்போலியோனே ஃபெராரா புதுக் குழாய்களை வளர்க்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து விஇஜிஎஃப் என்று பெயரிட்டார். பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கசிய வைப்பதும் வளர்ப்பதும் ஒரே கை. அழற்சி உள்ள குடலில் இந்தப் புரதம் அதிகமாகச் சுரக்கிறது, ஆக்சிஜன் குறைவு அதை இன்னும் தூண்டுகிறது. புதுத் தந்துகிகள் முளைக்கின்றன. நாள்பட்ட அழற்சி உள்ள துண்டில் பழுப்புச் சாயம் போட்டால் குழாய்களின் நெரிசல் பார்த்தவுடன் தெரியும்.

ஆனால் இவை அவசரத்தில் கட்டிய குழாய்கள். நல்ல தந்துகியைச் சுற்றி பெரிசைட் என்ற தாங்கும் செல்கள் அணைத்திருக்கும். இவற்றில் அது அரைகுறை. கோணல்மாணலாக ஓடும், கசியும், ஒட்டுப் புரதங்களை நிறைய நீட்டும், இன்னும் வெள்ளையணுக்களை அழைத்துவரும். அந்த அணுக்கள் ஆக்சிஜனைத் தின்னும், பற்றாக்குறை கூடும், விஇஜிஎஃப் மறுபடி சுரக்கும். கிளை வாய்க்கால் வெட்டிக்கொண்டே போகிறோம், கரைகள் உடைந்து வழியெல்லாம் கசிகிறது, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. டெல்டாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மேல்மடையிலும் கோளாறு உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹாத்தூம், பினியன் குழுவினர் 2003-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சையில் அகற்றிய குடலிலிருந்து சிறு தமனிகளைப் பிரித்தெடுத்து, விரியச் சொல்லும் அசெட்டைல்கோலினைக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல குடலின் தமனி நன்றாக விரிந்தது. நாள்பட்ட அழற்சியில் கிடந்த குடலின் தமனி ஏறக்குறைய அசையவே இல்லை. நைட்ரிக் ஆக்சைடு வழியாக விரியும் திறனை அது இழந்திருந்தது. மிச்சமிருந்த கொஞ்ச விரிவும் புரோஸ்டாகிளாண்டின்களை நம்பியே நடந்துகொண்டிருந்தது. அதையும் இண்டோமெதசின் என்ற வலி மாத்திரையால் நிறுத்தியபோது குழாய் சுருங்கிவிட்டது.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்தே வேலை செய்கின்றன. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கி முட்டி வலிக்கும் முதுகு வலிக்கும் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தம்பிக்கு அது வேண்டாம். இந்த மாத்திரைகள் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடுவது மருத்துவர்களுக்குப் பழைய அனுபவம், ரத்தக் குழாய் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வலி, காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விரிந்த குழாய் ஒரு பக்கம், விரியாத குழாய் ஒரு பக்கம் என்று குழப்புகிறேனோ என்று தோன்றலாம். காலத்தைச் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தீரும். சுவீடனில் ஹுல்டென் குழுவினர் 1977-லேயே குடலின் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். கொதிநிலை அழற்சியில் ஓட்டம் கூடியிருந்தது. வருடக்கணக்கில் அழற்சியில் கிடந்து தடித்து இறுகிய குடலில் குறைந்திருந்தது. முதலில் வெள்ளம், பிறகு வறட்சி.

புதுக் குழாய் வளர்ச்சியைத் தடுத்தால் நோய் அடங்காதா என்று கேட்பீர்கள். எலிகளில் அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். மனிதர்களில் அவ்வளவு எளிதில்லை, ஏனென்றால் புண் ஆறவும் புதுக் குழாய் வேண்டும். விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் புற்றுநோய்க்குப் பயன்படும் மருந்து. குடலில் ஓட்டை விழுவது அதன் அறியப்பட்ட ஆபத்துகளில் ஒன்று. ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் குடலுக்கு அதைக் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்?

கிரோன் நோயைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், தம்பிக்கு அது இல்லையென்றாலும். 1932-ல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் மூவரும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பிடிக்கும் நோயாக அதை விவரித்தார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெரும்பாலும் சளிச்சவ்வோடு நின்றுவிடும். கிரோன் குடல் சுவரின் முழுத் தடிமனையும் துளைத்துப் போகும், வெளியே இருக்கும் கொழுப்பையும் ரத்தக் குழாய்களையும் இழுத்துக்கொள்ளும். அதன் நீளப்போக்குப் புண்கள் பெரும்பாலும் குடலின் ஒரே ஓரத்தில், ரத்தக் குழாய்கள் குடலுக்குள் நுழையும் மெசென்டரிப் பக்கத்தில் (குடலைத் தாங்கிப் பிடிக்கும் சவ்வு இருக்கும் பக்கம்) வருகின்றன. சிடி ஸ்கேனில் அந்தக் குழாய்கள் புடைத்து வரிசையாக நிற்பது சீப்பின் பற்கள் போலத் தெரியும். அந்த அடையாளத்தின் பெயரே சீப்புதான்.

குழாய் நுழையும் ஓரத்திலேயே புண் வருகிறதே, நோயின் மூலமே ரத்தக் குழாயில்தானோ என்ற சந்தேகம் எவருக்கும் வரும். 1989-ல் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையிலிருந்து ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அகற்றிய குடலின் ரத்தக் குழாய்களில் பிசினை ஊற்றி அச்செடுத்துப் பார்த்தவர்கள், தமனிகளில் அழற்சியும் அடைப்பும் இருப்பதைக் கண்டு, கிரோன் என்பது குடலில் பல இடங்களில் நடக்கும் குட்டிக் குட்டி ‘ஹார்ட் அட்டாக்’ என்கிற மாதிரி ஒரு கருத்தை வைத்தார்கள். முதல் ஆசிரியர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு. ஆமாம், தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று கிளப்பிவிட்ட அதே ஆள்தான். குழாய்ச் சுவரைக் கெடுப்பது எது என்று தேடிப்போனவர் தட்டம்மை வைரஸைப் பிடித்தார், பிறகு தட்டம்மைத் தடுப்பூசியைப் பிடித்தார், 1998-ல் ஆட்டிசம் கட்டுரை வரை போய் நின்றார். 2010-ல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, பிரிட்டனின் மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. தட்டம்மைத் தொடர்பை மற்ற ஆய்வகங்கள் உறுதிப்படுத்தவில்லை. ஆனால் கிரோன் குடலில் குழாய்கள் கெட்டிருப்பது பொய் இல்லை. அகற்றிய குடலை அறுத்துப் பார்க்கும் எங்களுக்கு அது கண்ணில் படுகிறது. அதுவே நோயின் வேர் என்று இன்று யாரும் அடித்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கிரோன் புண் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்ப்பதற்கு நம் நாட்டில் இன்னொரு பயன் உண்டு. குடலில் வரும் காசநோயும் கிரோனும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. தப்பாகக் கணித்துக் காசநோய்க்காரருக்கு டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் ஆபத்தில் முடியும். காசநோய்ப் புண்கள் குடலைச் சுற்றி வளையமாகப் போகும் வழக்கம் உள்ளவை, நிணநீர்க் குழாய்கள் அப்படி ஓடுவதால் என்பது பழைய விளக்கம். கிரோன் புண்கள் நீளவாக்கில் ஓடும். இதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது, ஆனாலும் எங்கள் கண் முதலில் தேடுவது புண்ணின் திசையை.

இப்போது உங்கள் ஊசிக்கு வருகிறேன்.

ரத்தம் போகிற நோயாளிக்கு ரத்தம் உறையவும் செய்யும் என்பதை 1936-லேயே மேயோ கிளினிக்கில் பார்கன், பார்க்கர் இருவரும் எழுதிவிட்டார்கள். கொலைட்டிஸ் நோயாளிகளின் தமனிகளிலும் சிரைகளிலும் விரிவாக உறைகட்டிகள் இருந்ததை அவர்கள் கண்டார்கள். பிற்காலத்தில் பெரிய எண்ணிக்கையில் கணக்கெடுத்ததில், குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குச் சிரையில் ரத்தம் உறையும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 3 மடங்கு என்று தெரிந்தது. நோய் கிளம்பியிருக்கும் காலத்தில் அது சுமார் 8 மடங்கு என்று 2010-ல் லான்செட்டில் வந்த பிரிட்டன் ஆய்வு சொன்னது.

எப்படி? முன்பு சொன்ன வழுவழுப்பான உட்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒட்டாமல் இருப்பது மட்டும் இல்லை, த்ரோம்போமாடுலின் என்ற புரதத்தைத் தாங்கி உறைதலை அடக்கிக்கொண்டும் இருக்கிறது. அழற்சியில் அந்தப் புரதம் சுவரிலிருந்து குறைந்துபோகிறது. தட்டணுக்களின் எண்ணிக்கை கூடுகிறது, அவை எளிதில் உசுப்பப்படுகின்றன. கல்லீரல் அழற்சிச் செய்தியைக் கேட்டு ஃபைப்ரினோஜென் என்ற உறைதல் புரதத்தை அதிகம் உற்பத்தி செய்கிறது. இதெல்லாம் குடலோடு நிற்பதில்லை, உடல் முழுக்க ஓடும் ரத்தம் இது. கூடவே பேதியால் நீர்ச்சத்து குறைந்து, கட்டிலிலேயே படுத்துக் கிடக்கிறார், ஸ்டீராய்டும் ஓடுகிறது. காலின் ஆழமான சிரையில் கட்டி உருவாக இதைவிட வசதி தேவையில்லை. அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிர்ச் சேதம் வரை போகும்.

எதிர்ப்பக்கத்தில் குடலின் ரத்தக் கசிவு, நான் சொன்னபடி, உரிந்த பரப்பின் தந்துகிக் கசிவு. அது உறைதல் போதாமல் வரும் ரத்தம் இல்லை. அழற்சி அடங்கினால் நிற்கும். எனவே தடுப்பு அளவில் கொடுக்கும் ஹெப்பாரின், அதாவது அந்த வயிற்று ஊசி, அதைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான கொலைட்டிஸ் என்றால், மலத்தில் ரத்தம் போனாலும் இந்த ஊசியைக் கொடுங்கள் என்று இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்கள் தெளிவாகவே சொல்கின்றன. ரத்தப்போக்கு உயிரை மிரட்டும் அளவுக்குக் கொட்டினால் மட்டும் டாக்டர்கள் நிறுத்தி வைத்து யோசிப்பார்கள். தம்பிக்குக் கொடுத்தது கவனமான வைத்தியம். கொடுக்காமல் விட்டிருந்தால்தான் நீங்கள் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஊசியே கொலைட்டிஸைக் குணமாக்குமோ என்று 1990-களில் ஒரு நம்பிக்கை இருந்தது. மருந்தே இல்லாத வெற்று ஊசியோடு ஒப்பிட்ட பிந்தைய ஆய்வுகளில் அது நிற்கவில்லை. ஆக இது காலையும் நுரையீரலையும் காக்க மட்டும். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ‘கேஸ்’ என்று இஞ்சிக் கஷாயம் வைக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். பின்னால் எப்போதாவது கொலைட்டிஸுக்கான டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரை எழுதிக் கொடுத்தால், வீட்டில் யாருக்காவது முன்பு ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மருந்துக்கே அப்படி ஓர் எச்சரிக்கை உண்டு.

இன்னொரு வாசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடலின் தந்துகிச் சுவரை பாக்டீரியாக்கள் தாண்டிக் கல்லீரலுக்குப் போகாமல் தடுக்கும் ஒரு காவல் இருப்பதை 2015-ல் மிலான் நகரத்து மரியா ரெஸ்சிக்னோவின் குழு எலிகளில் காட்டியது. 2021-ல் அதே குழு, குடல் அழற்சியில் இந்தக் காவல் திறந்துகொள்ளும்போது எலிகளின் மூளையில் உள்ள இன்னொரு ரத்தக் குழாய் வாசல் இறுக மூடிக்கொள்வதாகவும், அந்த எலிகளிடம் பதற்றம் போன்ற நடத்தை தெரிவதாகவும் எழுதியது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே தூக்கி வைக்க மாட்டேன். ஆனால் நோய் கிளம்பும்போதெல்லாம் தம்பி எரிந்து விழுகிறார், யாரோடும் பேசாமல் ஒதுங்குகிறார் என்றால் அதை வெறும் மனபலக் குறைவு என்று திட்டாதீர்கள்.

அடுத்த கொலோனோஸ்கோபியில் என்ன எதிர்பார்க்கலாம்? மருந்து வேலை செய்தால் முதலில் ரத்தக் கசிவு நிற்கும், புண் மூடும், வீக்கம் வடியும், அடியில் இருக்கும் கோலம் மெல்லத் திரும்பத் தெரியும். நீலம், பச்சை ஒளியில் பார்க்கும் என்பிஐ வசதி உள்ள கருவியாக இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும் 415, 540 நானோமீட்டர் ஒளியை மட்டும் விடுவதால் குழாய்கள் கறுத்து எழுந்து நிற்கும். இப்போது சில இடங்களில் வெறும் வயிற்று அல்ட்ராசவுண்டிலேயே குடல் சுவரின் தடிமனையும், டாப்ளர் வைத்து அதில் ஓடும் ரத்தத்தையும் பார்க்கிறார்கள். சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, உள்ளே வண்ணப் புள்ளிகள் நிறையத் தெரிந்தால் அழற்சி இன்னும் ஓடுகிறது என்று பொருள். பேதி மருந்து குடிக்க வேண்டியதில்லை என்பதால் தம்பி சந்தோஷப்படுவார்.

ஆனால் ஒன்று. கோலம் திரும்பி வரும்போது பழைய வெற்றிலை நரம்பு மாதிரி வராமல் போகலாம். அவசரத்தில் முளைத்த குழாய்களில் சில அப்படியே நின்றுவிடும். கிளைகள் முறுக்கிக்கொண்டு, சில இடத்தில் அடர்த்தியாக, சில இடத்தில் வெறுமையாக இருக்கும். ரிப்போர்ட்டில் ‘டிஸ்டார்ட்டட் வாஸ்குலர் பேட்டர்ன்’ என்று எழுதுவார்கள். அதே வரியில் சிவப்பு, கசிவு, புண் எதுவும் இல்லையென்றும், பயாப்சியில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் இல்லையென்றும் இருந்தால், அது ஆறிப்போன காயத்தின் தழும்பு. அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மறுபடி இங்கே வந்து பயப்பட வேண்டாம்.